பெரியப்பாவின் ஓட்டு

திருத்தணியில் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஹன்டர் தாம்சனைப் படித்துக்கொண்டிருந்தேன். 1972 அமெரிக்க அதிபர் தேர்தலில் வேட்பாளர்கள் பின்னாலேயே ஊர் ஊராக அலைந்து, ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகையில் அவர் எழுதியவை பிறகு புத்தகமாயின. அவர் ஆதரித்த மெக்கவர்னுக்குப் படுதோல்வி. நிக்ஸன் 49 மாநிலங்களை அள்ளினார். (அதே நிக்ஸன் 1974-ல் வாட்டர்கேட் விவகாரத்தில் ராஜினாமா செய்தது தனிக் கதை.) சொந்த நாட்டின் மேலேயே வந்த கசப்பு பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

“நம்ம கதைதான்டா” என்றார் பெரியப்பா. சின்னப் பையனாக ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டத்தில் கோஷம் போட்டவர். திருப்பதி கிடைக்கவில்லை, 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி நம் பக்கம் வந்தது.

“ஊர் வந்தா எல்லாம் வந்துடும்னு நெனச்சோம். குழாய்ல தண்ணி வரவே பல வருஷம் ஆச்சு.”

“அப்புறம் ஏன் ஒரு தேர்தல் விடாம ஓட்டுப் போடறீங்க?”

மலையைக் காட்டினார். “365 படி. ஏறினா கேட்டது கிடைக்கும்னு யாராவது பத்திரம் எழுதிக் கொடுத்தாங்களா? ஏறலையா?”

‘நீ போட்டியா?’ என்று அடுத்து கேட்டுவிடுவாரோ என்று புத்தகத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டேன். போன தேர்தலன்று, லீவுதானே என்று சென்னையில் மத்தியானம் வரை தூங்கியவன் நான். தாம்சன் மாதிரி கசந்துகொள்ளக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.