ராத்திரி வண்டியை எங்கே நிறுத்துவது?

இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் நம் மாணவி ஒருத்தி போன வாரம் சில படங்கள் அனுப்பியிருந்தாள். பஸ் மாதிரி ஒரு வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் இருக்கிறது. அங்கே அதை ஆர்.வி. என்கிறார்கள். அதற்கென்றே மின்சாரம், தண்ணீரோடு வாடகைக்கு இடம் கிடைக்குமாம். காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள், மேனேஜர் சம்மதிக்கிற வால்மார்ட் கடைகளின் வாசலில் நிறுத்தி ஒரு ராத்திரி தூங்கிவிட்டுப் போவார்களாம். "டீச்சர், நம்ம ஊர்ல இப்படிப் போனா ராத்திரி எங்க நிறுத்துவாங்க?" என்று கேட்டிருந்தாள்.

கேரளாவில் 2021-இல் 'கேரவன் கேரளா' என்று ஒரு திட்டம் தொடங்கி, வாகமனில் வண்டிகள் தங்குவதற்கு இடமும் திறந்தார்கள். ஆனால் நம் களம்பூர், ஆரணி, போளூர் பக்கத்துக் குடும்பங்களுக்கு கேரவன் எது என்று உங்களுக்கே தெரியும். வாடகை வேன்தான். பின்சீட்டுக்கு அடியில் குண்டான், அடுப்பு, களம்பூர் பொன்னி ஒரு சிப்பம், மேலே பாய் தலையணை. நானும் அப்படிப் பலமுறை போயிருக்கிறேன். அதில் ஒரு பயணத்தைப் பற்றி இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என் தப்பு அதில் இருப்பதால்தான் சொல்லவில்லை.

2018 மே மாதம். நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி, மதுரை என்று நான்கு நாள் திட்டம். என் வீட்டுக்காரர், 82 வயது மாமியார், மகன், மருமகள், இரண்டு பேரப் பிள்ளைகள், நாத்தனார், அவர் வீட்டுக்காரர், ஓரகத்தி, அவள் பெண், நான். ஆக 11 பேர். வேன் ஓட்டியவன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

பணப்பை என் கையில். டீசல், டோல், சாப்பாடு, அறை வாடகை என்று எல்லாவற்றையும் நோட்டில் கோடு போட்டு எழுதியிருந்தேன். கணக்கு டீச்சர் ஆயிற்றே! அந்த நோட்டில் "டிரைவர் சாப்பாடு" என்று ஒரு வரி உண்டு. "டிரைவர் படுக்கை" என்று ஒரு வரி இல்லை. ராமேஸ்வரத்தில் ஒரு ராத்திரி, திருச்செந்தூரில் ஒரு ராத்திரி நாங்கள் அறையில் மின்விசிறிக்குக் கீழே படுத்தோம். அவன் வேன் சீட்டில், கண்ணாடியைத் திறந்தால் கொசு, மூடினால் புழுக்கம் என்று கிடந்தான். காலையில் கண் சிவந்திருந்தது. "தூங்கினியாப்பா?" என்று கேட்டேன். "தூங்கினேங்க டீச்சர்" என்றான். நானும் நம்பினேன். நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

மூன்றாம் நாள் கன்னியாகுமரியில் இருந்து கிளம்பி மதுரைக்கு வரும்போது ராத்திரி ஒன்பதரை. போனில் பேசி வைத்திருந்த லாட்ஜில் (பெயர் வேண்டாம்) "முகூர்த்த நாளுங்க, இப்ப ரேட்டு இதுதான்" என்று ஓர் அறைக்கு 1,800 ரூபாய் கேட்டார்கள். மூன்று அறைக்கு 5,400. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இட்லி சாப்பிட்டுவிட்டு, "நேரா வீட்டுக்கே போயிடலாம், விடியறதுக்குள்ள போயிடலாம்" என்று சொன்னது நான்தான். எல்லாரும் தலையாட்டினார்கள். அவனும் "சரிங்க டீச்சர்" என்றான். என் முன்னால் முடியாது என்று சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை.

நள்ளிரவு தாண்டியிருக்கும். துவரங்குறிச்சியைக் கடந்து திருச்சி பக்கம் போய்க்கொண்டிருந்தோம். எல்லாரும் தூக்கம். மாமியார் மட்டும் விழித்திருந்திருக்கிறார். "டேய் டேய், தம்பி!" என்று அவர் போட்ட சத்தத்தில்தான் நான் கண் திறந்தேன். வேன் ரோட்டை விட்டு இடது பக்கம் மண்ணில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. எதிரே, ஓரமாக, விளக்கே இல்லாமல் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. அவன் வண்டியைத் திருப்பி நிறுத்தினான். லாரிக்கும் எங்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருந்தது என்று அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் ஓர் அளவும் மகன் ஓர் அளவும் சொல்வார்கள். நான் அளவு சொல்வதில்லை. என் பேத்தி முன்சீட்டில் இருந்தாள்.

அவன் இறங்கிப் போய் ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டான். கை நடுங்கியது. "கண்ணு மூடினதே எனக்குத் தெரியல டீச்சர்" என்றான். பிறகு மெதுவாக இன்னொன்றும் சொன்னான். "நீங்க போடுற கணக்குல வண்டி நிக்கவே நிக்காது டீச்சர்."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி 330 கி.மீ. கடக்க எத்தனை மணி நேரம் ஆகும்? ஐந்தரை மணி என்று எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்! அந்த வண்டியை ஓட்டுபவன் தூங்குவான் என்று ஒரு கணக்கிலும் சொல்லித்தரவில்லை.

அதன் பிறகு அவன்தான் இடம் சொன்னான். முகத்தைக் கழுவிக்கொண்டு, என் மகனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டே மெதுவாகப் போய், ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினான். வெளிச்சம் இருந்தது. பத்துப் பன்னிரண்டு லாரிகள் வரிசையாக நின்றன. பக்கத்தில் டீக்கடை. வாட்ச்மேன் பெரியவர் டார்ச் அடித்துப் பார்த்தார். "லேடீஸ் இருக்காங்களா? அப்ப அந்த ஓரம் வேணாம், இங்க லைட்டுக்குக் கீழ விடு" என்றார். கழிவறைச் சாவியை எடுத்துக் கொடுத்தார். ஓரகத்தி பெண் மத்தியானத்தில் இருந்து தண்ணீரே குடிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. போக இடம் இருக்காது என்ற பயம். பெண் பிள்ளைகள் பயணத்தில் தாகத்தை அடக்குவது வீட்டுப் பெரியவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

ஆண்கள் பாய் விரித்து வெளியே படுத்தார்கள். பின்சீட்டு முழுவதையும் அவனுக்குக் கொடுத்தோம். படுத்த நிமிடமே குறட்டை. விடியும்வரை நான் டீக்கடை ஸ்டூலில் உட்கார்ந்து வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் வாட்ச்மேன் பெரியவர் பணம் வாங்கவில்லை. மாமியார் கொடுத்த முறுக்கை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அந்த ஸ்டூலில் இருந்தபோது நினைத்தேன். இந்தப் பாதையில் நம் முன்னோர்கள் எப்படிப் போனார்கள்? மதுரையில் ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இன்னும் இருக்கிறது. ராமேஸ்வரம் போகிறவர்களுக்காகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் வழியெல்லாம் சத்திரம் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தாம்பாள் சத்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சத்திரங்களில் நள்ளிரவில் ஒரு மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வாருங்கள் என்று உரக்கக் கூப்பிடுவார்களாம். வழியில் தாமதமாகி வருபவன் பசியோடு படுக்கக் கூடாது என்ற எண்ணம்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஊரிலேயே ஸ்டேஷனுக்கு ஆரணி ரோடு என்று பெயர். ரயிலை விட்டுவிட்ட பட்டுச் சேலை வியாபாரியும், மில்லுக்கு நெல் ஏற்றி வந்த வண்டிக்காரரும் நம் வீட்டுத் திண்ணைகளில்தான் படுத்தார்கள். யார் எவர் என்று கேட்டது கிடையாது. ஒரு சொம்புத் தண்ணீர் வைப்பார்கள். இப்போது என் வீட்டுத் திண்ணைக்கும் இரும்புக் கிரில் போட்டாயிற்று.

சரி, அந்த மாணவி கேட்டதற்குப் பதில். இவற்றில் பாதி அந்தப் பையன் எனக்குச் சொல்லித் தந்தவை.

1. ராத்திரி எங்கே என்பதை மாலை நான்கு மணிக்குள் முடிவு செய்துவிடுங்கள். இருட்டிய பிறகு தேடினால் கேட்ட விலை கொடுக்க வேண்டும், அல்லது என்னை மாதிரி கோபத்தில் தப்பு முடிவு எடுக்க வேண்டும்.

2. மலிவும் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும் என்றால் கோயில், மடம், தேவாலய விடுதிகளை முதலில் விசாரியுங்கள். ஸ்ரீரங்கத்தில் யாத்ரி நிவாஸ், கன்னியாகுமரியில் விவேகானந்த கேந்திரம், வேளாங்கண்ணியில் தேவாலய விடுதிகள் இருக்கின்றன. திருமலையில் அறை கிடைக்காவிட்டாலும் இலவச மண்டபமும் லாக்கரும் உண்டு. நம் திருவண்ணாமலைக்கு வருபவர்களிடம் பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் வராதீர்கள் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

3. கூட்டமாகப் போனால் கல்யாண மண்டபத்தில் கேட்டுப் பாருங்கள். முகூர்த்தம் இல்லாத நாளில் மண்டபம் சும்மாதான் கிடக்கும். ஆடியிலும் மார்கழியிலும் கேட்கவே வேண்டாம். கூடம், கழிவறை, சமைக்க இடம், வண்டி நிறுத்த இடம் எல்லாம் சேர்த்துக் குறைந்த பணத்துக்கு விடுவார்கள்.

4. எதுவும் கிடைக்காவிட்டால், வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பெட்ரோல் பங்கு. குடிதண்ணீரும் கழிவறையும் அங்கே இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் நிறுத்தித் தூங்க அனுமதி கேளுங்கள். லாரிக்காரர்கள் வழக்கமாக நிறுத்தும் இடம் என்றால் நல்லது. பெண்கள் முதலில் கழிவறையைப் பார்த்துவிட்டு வந்து "சரி" என்று சொன்ன பிறகே பாயை இறக்குங்கள்.

5. ரோட்டோரத்தில் நிறுத்தித் தூங்கவே தூங்காதீர்கள். பின்னால் வருகிறவனும் தூக்கக் கலக்கத்தில் இருப்பான். வண்டி பழுதானால் நான்கு வழிச் சாலையில் 1033-க்கு போன் செய்யுங்கள்.

6. வண்டிக்குள் அடுப்புப் பற்றவைக்காதீர்கள். அந்தப் பயணத்தில் மழை தூறியபோது நாங்கள் வேனுக்குள்ளேயே பால் காய்ச்சினோம். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தி வைத்திருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து, உத்தரப்பிரதேசத்தில் இருந்து வந்த யாத்ரீகர்களில் 9 பேர் இறந்தார்கள். செய்தியைக் கேட்டதும் எனக்கு அந்தப் பால்தான் ஞாபகம் வந்தது.

7. நோட்டில் முதல் வரி: டிரைவர் படுக்கை. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே நாளுக்கு 8 மணி நேர வேலை என்று இருந்தது. 2023-இல் நம் மாநில அரசு கட்டட விதிகளைத் திருத்தி, ஓட்டல்களும் விடுதிகளும் ஓட்டுநர்களுக்குப் படுக்கவும் குளிக்கவும் இடம் ஒதுக்க வேண்டும் என்றது. அறை எடுக்கும்போது, "டிரைவருக்கு எங்கே?" என்று நீங்கள் கேட்டால்தான் அது நடக்கும். நம் மாணவர்களில் லாட்ஜும் மண்டபமும் வைத்திருப்பவர்கள் நான்கைந்து பேர் உண்டு. கண்ணுகளா, ஒரு பாய், ஒரு மின்விசிறி, ஒரு குழாய். டீச்சர் உங்களிடம் கேட்பது அவ்வளவுதான்.

மறுநாள் மத்தியானம் களம்பூர் வந்து சேர்ந்தோம். அவன் வழக்கம்போல சாமான்களை இறக்கிவிட்டு, வாசலில் நின்றபடியே கணக்கு முடித்துக் கிளம்பப் பார்த்தான். இத்தனை வருடத்தில் அவனை உள்ளே வா என்று கூப்பிட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாமியார் முந்திக்கொண்டார். கூடத்தில் தறிக்குப் பக்கத்தில் பாய் விரித்து, மின்விசிறியை அவன் பக்கம் திருப்பி வைத்தார். சாயங்காலம் வரை தூங்கினான். பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டேன்.

இப்போது அவனுக்குச் சொந்த வேன் இருக்கிறது. வரும் ஆடியில் வேளாங்கண்ணி, நாகூர் பக்கம் போகிறோம். மண்டபம் பேசியாயிற்று. 12 பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

எல்லாரும் பத்திரமாகப் போய் வாருங்கள். ராத்திரியில் பயணம் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்