அடிமை விலங்கு அறுந்த மண்ணில் எழுந்த கல்விக்கூடங்கள்

எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதே குற்றம் என்று சட்டம் இயற்றிய மாநிலங்கள் இவ்வுலகில் இருந்தன என்றால் நம்புவீர்களா? ஆம், அன்பு வாசகர்களே! 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களுக்கு எழுத்தறிவிப்போரைச் சட்டம் தண்டித்தது. படித்த அடிமை பணிய மாட்டான் என்பதை எசமானர்கள் நன்கு அறிந்திருந்தார்கள்.

1865இல் அந்நாட்டு அரசியல் சாசனத்தின் 13ஆவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்ற சுமார் 40 இலட்சம் மக்களிடம் நிலமில்லை, பணமில்லை. ஆயினும் அவர்கள் முதலில் தேடியவற்றுள் ஒன்று பள்ளிக்கூடம். அந்தத் தாகத்தில் பிறந்த கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் இன்றும் சுமார் 100 உள்ளன. 1964க்கு முன் கறுப்பின மக்களின் கல்விக்கென நிறுவப்பட்டவை என்று அமெரிக்கச் சட்டம் அவற்றைத் தனித்து அடையாளம் காட்டுகிறது. எல்லா இனத்தாருக்கும் அவற்றின் கதவுகள் திறந்தே இருக்கின்றன. அவற்றுள் சிலவற்றைக் காண்போம், வாருங்கள்.

தலைநகரின் குன்றின் மீது

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஒரு மேட்டு நிலத்தின் மீது அமைந்திருக்கிறது ஹோவர்டு பல்கலைக்கழகம். 1867இல் தொடங்கப்பட்ட இதன் நடுவே, 1939இல் திறக்கப்பட்ட நூலகத்தின் மணிக்கூண்டு ஓங்கி நிற்கிறது. கறுப்பின மக்களின் வரலாற்றைச் சொல்லும் நூல்களையும் ஆவணங்களையும் திரட்டிவைத்திருக்கும் ஆய்வு மையமும் இங்குள்ளது.

இங்குச் சட்டம் பயின்று 1933இல் முதல் மாணவராகத் தேறியவர் தர்குட் மார்ஷல். அவருடைய சொந்த மாநிலமான மேரிலாந்தின் சட்டக் கல்லூரி அக்காலத்தில் கறுப்பின மாணவர்களைச் சேர்ப்பதில்லை. பட்டம் பெற்ற சில ஆண்டுகளிலேயே, தம் ஆசிரியர் சார்லஸ் ஹூஸ்டனுடன் சேர்ந்து வழக்காடி அந்தக் கல்லூரியின் கதவைத் திறக்கச் செய்தார். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டின் புகழ்பெற்ற தீர்ப்பும் அவருடைய வாதத்தால் கிடைத்ததே. 1967இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார். நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியை டோனி மாரிசன் இங்கு 1953இல் பட்டம் பெற்றவர்.

தமிழர்க்கும் இவ்வளாகத்தோடு ஓர் உறவுண்டு. சென்னையில் பிறந்த ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 1986இல் இங்குப் பட்டம் பெற்றார். 2021 முதல் 2025 வரை அமெரிக்காவின் துணை அதிபராக இருந்தார். 2024இல் அதிபர் தேர்தலில் தோற்றபோது, தோல்வியை ஒப்புக்கொண்டு அவர் உரையாற்றியதும் இந்த வளாகத்தில்தான்.

மரத்தடியில் ஒரு பள்ளி

தலைநகரிலிருந்து தெற்கே சில மணி நேரப் பயணம். வர்ஜீனியா மாநிலக் கடலோரத்தில் ஹாம்ப்டன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் வளாகத்தில் கிளை பரப்பி நிற்கும் பழமையான ஓக் மரத்தைக் காணத் தவறாதீர்கள். உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861இல், அருகிலிருந்த இராணுவக் கோட்டையில் தஞ்சம் புகுந்த அடிமை மக்களுக்கு மேரி பீக் என்ற கறுப்பினப் பெண்மணி அம்மரத்தின் நிழலில் பாடம் நடத்தினார். 1863இல் அதிபர் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் மக்களுக்குப் படித்துக் காட்டப்பட்டதும் அதன் அடியில்தான். பின்னர் 1868இல் கல்விக்கூடம் எழுந்தது.

1872இல் சுமார் 800 கிலோமீட்டர் தொலைவைப் பெரும்பகுதி நடந்தே கடந்து, அழுக்கேறிய உடையோடு ஓர் இளைஞர் இங்கு வந்து சேர்ந்தார். அவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று தயங்கிய ஆசிரியை, ஓர் அறையைப் பெருக்கச் சொன்னார். அவர் மூன்று முறை பெருக்கி, நான்கு முறை தூசி துடைத்தார். ஆசிரியை தம் கைக்குட்டையால் சுவரையும் மேசையையும் துடைத்துப் பார்த்தார். ஒரு துளி தூசியும் இல்லை. அதுவே அவருடைய நுழைவுத் தேர்வாயிற்று. அந்த இளைஞர்தாம் புக்கர் வாஷிங்டன். அவரை மீண்டும் சந்திப்போம்.

அட்லாண்டாவின் கல்விப் பேட்டை

ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரில் பல கல்லூரிகள் ஒன்றையொன்று ஒட்டியே அமைந்திருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே செல்லலாம். பெரிய நூலகம் ஒன்று யாவர்க்கும் பொதுவாக இருக்கிறது.

பெண் மக்களைப் பெற்ற வாசகர்கள் ஸ்பெல்மன் கல்லூரியின் கதையைக் கேட்க வேண்டும். 1881இல் ஒரு தேவாலயத்தின் நிலவறையில், 11 மாணவியரோடு தொடங்கிய மகளிர் கல்லூரி இது. அவர்களில் பலர் அடிமை வாழ்விலிருந்து மீண்டவர்கள். இன்றும் பெண்களுக்கென்றே நடக்கும் இக்கல்லூரி, நாட்டின் தலைசிறந்த கலை, அறிவியல் கல்லூரிகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

அடுத்திருப்பது ஆடவர்க்கான மோர்ஹவுஸ் கல்லூரி. மார்ட்டின் லூதர் கிங் தமது 15ஆம் வயதில் இங்குச் சேர்ந்து 1948இல் பட்டம் பெற்றார். அப்போதைய தலைவர் பெஞ்சமின் மேஸ், 1936ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியா வந்து வார்தாவில் காந்தியடிகளைக் கண்டு உரையாடியவர். அதே ஆண்டின் தொடக்கத்தில் ஹோவர்டைச் சேர்ந்த ஹோவர்டு தர்மன் பர்தோலியில் அடிகளைச் சந்தித்திருந்தார். அறப்போர் என்னும் வித்து அட்லாண்டாவின் வகுப்பறைகளை வந்தடைந்த வழிகளில் இதுவும் ஒன்று. 2019இல் இக்கல்லூரியின் பட்டமளிப்பு விழாவில் பேச வந்த இராபர்ட் ஸ்மித் என்ற செல்வந்தர், பட்டம் பெற்ற சுமார் 400 மாணவர்களின் கல்விக் கடன் முழுவதையும் தாமே அடைப்பதாக அறிவித்தார்.

செங்கல் சுட்ட மாணவர்கள்

அலபாமா மாநிலத்தின் சிற்றூர் டஸ்கிகி. 1881 ஜூலை 4 அன்று ஒழுகும் கூரையின் கீழ் சுமார் 30 மாணவர்களோடு இங்கு ஒரு பள்ளி தொடங்கியது. அதன் தலைவர் வேறு யாருமல்லர். ஹாம்ப்டனில் அறை பெருக்கிய அதே புக்கர் வாஷிங்டன்தாம்! கட்டடம் வேண்டுமானால் செங்கல் வேண்டும், வாங்கப் பணமில்லை. மாணவர்களே மண் பிசைந்து சூளை போட்டார்கள். மூன்று முறை சூளை பாழாயிற்று. தம் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்து நான்காம் சூளையை மூட்டினார் அவர். செங்கல் வெந்தது, கட்டடங்கள் எழுந்தன. மாணவர் உழைப்பில் உருவான அச்செங்கற்சுவர்களை இன்றும் நீங்கள் தொட்டுப் பார்க்கலாம். அடிமையாகப் பிறந்து தாவரவியல் அறிஞராக உயர்ந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் 1896இல் இங்கு வந்து, 1943இல் மறையும் வரை உழவர்களுக்காகவே ஆராய்ந்தார். அவருடைய அருங்காட்சியகமும் இங்குண்டு.

கைத்தொழிற் கல்வியே முதலில் வேண்டும் என்றார் வாஷிங்டன். உயர்கல்வி இல்லாமல் தலைமை பிறக்காது என்று அட்லாண்டாவில் பேராசிரியராக இருந்த டூபாய்ஸ் மறுத்தார். நம் வீடுகளிலும் பிள்ளையின் படிப்பைப் பற்றி எழும் அதே வழக்குதானே இது! இன்று டஸ்கிகியில் பொறியியலும் கால்நடை மருத்துவமும் கற்பிக்கப்படுகின்றன. வழக்கைக் காலம் இரு பக்கமும் சேர்த்தே தீர்த்துவைத்தது எனலாம்.

இவ்வூரின் பெயரோடு ஒரு கொடுமையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1932 முதல் 1972 வரை அரசின் சுகாதாரத் துறை இப்பகுதியின் ஏழைக் கறுப்பின ஆடவர்களின் மேகநோயைக் குணப்படுத்தாமலேயே வைத்து, அதன் போக்கை ஆராய்ந்தது. 1997இல் அதிபர் கிளிண்டன் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கோரினார். மருத்துவ அறநெறிக்கான ஒரு மையம் இப்போது அப்பல்கலைக்கழகத்திலேயே இயங்குகிறது.

பிள்ளைகளை அனுப்ப எண்ணுவோருக்கு

பெயரின் பெருமையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதலில், கல்வி நிறுவனத்துக்கு முறையான அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அட்லாண்டாவின் பழம்பெரும் மோரிஸ் பிரவுன் கல்லூரி, நிதி நிர்வாகச் சீர்கேட்டால் 2002இல் அங்கீகாரத்தை இழந்தது. அதை மீண்டும் பெற 2022 வரை காத்திருக்க நேர்ந்தது. இடையில் சிக்கிய மாணவர்களின் தவிப்பைச் சொல்லவும் வேண்டுமோ?

இரண்டாவது, செலவு. அமெரிக்க அரசின் கல்வி உதவித்தொகை வெளிநாட்டு மாணவர்களுக்குப் பொதுவாகக் கிடைக்காது. கல்லூரி தன் நிதியிலிருந்து வழங்கும் உதவியையே நாட வேண்டும். இவற்றில் பலவற்றின் அறக்கட்டளை நிதி பெரியதன்று. ஆகவே எவ்வளவு உதவி, எத்தனை ஆண்டுகளுக்கு என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பாடத்துக்கேற்ற இடம். பொறியியலுக்கு வட கரோலினா வேளாண் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பெயர் பெற்றது. மருத்துவத்துக்கு ஹோவர்டு, மெஹாரி, மோர்ஹவுஸ் மருத்துவக் கல்லூரி ஆகியவை உள்ளன. அங்கு இளநிலைப் பட்டம் பெற்ற பின்னரே மருத்துவம் பயில முடியும் என்பதை மறவாதீர்கள். அதற்கு மாணவரை ஆயத்தம் செய்வதில் லூசியானாவின் சேவியர் பல்கலைக்கழகம் புகழ் பெற்றது.

எல்லாப் பல்கலைக்கழகங்களும் எல்லோருக்கும் திறந்துவிட்ட இக்காலத்தில் இவை எதற்கு என்று கேட்போரும் உண்டு. தன்னை ஐயத்தோடு பார்க்காத ஆசிரியர்கள், தன்னைப் போன்றே உயர்ந்து காட்டிய முன்னோர்கள், தன் மக்களின் வரலாறு ஆகிய மூன்றும் கிடைக்கும் இடத்தில் ஒரு மாணவன் தலை நிமிர்ந்து படிக்கிறான். ஒடுக்கப்பட்ட எந்தச் சமுதாயத்துக்கும் இது விளங்கும். நிலவறையிலும் மரத்தடியிலும் தொடங்கிய பள்ளிகள் பல்கலைக்கழகங்களாயின என்றால், நம் ஊர்களில் வசதியில்லை என்று கைவிடப்பட்ட பள்ளிகளைப் பற்றி நாம் சற்றே சிந்திக்க வேண்டாமா?