கரைப்பதும் காப்புதான்

நெய்வேலியில் வெயிலுக்குப் பஞ்சமே கிடையாது. கத்திரி நாட்களில் டவுன்ஷிப்பின் தார்ச்சாலைகள் மதியத்தில் கொதிக்கும். அப்படியிருந்தும் இங்கே பல வீட்டு அலமாரிகளில் 60,000 யூனிட் வைட்டமின் டி பொட்டலங்கள் இருக்கின்றன. வாரத்துக்கு ஒன்றைப் பாலில் கலந்து குடிக்கிறார்கள். “இந்த ஊர்ல இல்லாத வெயிலா? எனக்கு எப்படிம்மா டி கம்மியாகும்?” என்று பக்கத்து வீட்டு அக்கா ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டினார். அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் மரபணுக்கள் பக்கம் போனேன்.

விடையின் முதல் பாதி எளிது. தோலில் இருக்கும் ஒருவகைக் கொழுப்புப் பொருளின் மேல் புற ஊதா பி கதிர் பட்டால்தான் வைட்டமின் டி உருவாகும். நமக்கு அருகிலுள்ள திருப்பதியில் மருத்துவர் சி.வி. ஹரிநாராயண் குழுவினர் ஆராய்ந்து, காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரைதான் இது நன்றாக நடக்கிறது என்று கண்டார்கள். அந்த நேரத்தில் நாம் எங்கே இருக்கிறோம்? இரவு ஷிப்ட் முடித்தவர் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்குகிறார். அலுவலகத்தில் இருப்பவர் ஃபேனுக்கு அடியில் இருக்கிறார். ஸ்கூட்டியில் போகும் பெண் துப்பட்டாவால் முகத்தையும் நீளக் கையுறையால் கைகளையும் மூடியிருக்கிறார். நம் கருநிறத் தோலுக்கு வெயிலும் கூடுதல் நேரம் வேண்டும்.

மறுபாதிதான் என்னை வியக்க வைத்தது. தோலில் உருவான வைட்டமின் டி அப்படியே வேலை செய்வதில்லை. கல்லீரல் அதைச் சற்று மாற்றி ரத்தத்தில் இருப்பாக விடுகிறது. பரிசோதனைத் தாளில் வரும் எண் இந்த இருப்பின் அளவுதான். வேலை செய்யும் ஹார்மோனாக அதை மாற்றுவது சிறுநீரகம். இதை 1970இல் கேம்பிரிட்ஜில் ஃப்ரேசரும் கோடிசெக்கும் நிறுவினார்கள். மாற்றும் நொதியைத் தருவது சிஒய்பி27பி1 என்ற மரபணு. ஹார்மோனையும் இருப்பையும் சிதைத்து வெளியேற்றும் நொதியைத் தருவது சிஒய்பி24ஏ1. ஒன்று ஆக்குகிறது, மற்றது கரைக்கிறது.

ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் ஹார்மோன் சுரந்து ஆக்கும் மரபணுவை முடுக்குகின்றன. பாஸ்பேட் கூடினால் எலும்பிலிருந்து எஃப்ஜிஎஃப்23 புறப்பட்டு, ஆக்குவதை அடக்கிக் கரைப்பதைத் தூண்டுகிறது. வைட்டமின் டி ஹார்மோனும் சும்மா இருப்பதில்லை. செல்லின் உட்கருவுக்குள் போய் விடிஆர் என்னும் ஏற்பியைப் பற்றுகிறது. அந்த ஏற்பி ஆர்எக்ஸ்ஆர் என்ற துணையோடு சேர்ந்து டிஎன்ஏவில் தனக்குரிய இடங்களில் அமர்கிறது. கரைக்கும் மரபணு வேகமாக வாசிக்கப்படுகிறது. ஆக்கும் மரபணு தணிகிறது. தன்னை அழிக்கும் நொதியைத் தானே வரவழைக்கிறது இந்த ஹார்மோன்.

நெய்வேலிக்காரர்களுக்கு இது புரியாத கணக்கல்ல. நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவு பகலாகப் பம்ப் வைத்து இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை பொத்துக்கொள்ளாமல் நிற்கும். உள்ளே வருவதை வெளியேற்றிக்கொண்டே இருப்பதும் காவல்தான்.

அந்தக் காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2011இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சிஒய்பி24ஏ1 மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் பழுதோடு பிறந்த குழந்தைகளுக்கு, மற்றக் குழந்தைகளைப் போலவே ரிக்கெட்ஸ் வராமலிருக்க வைட்டமின் டி கொடுத்திருந்தார்கள். கரைக்க வழியில்லாததால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் நீர்வறட்சியும் வந்தன. சிறுநீரகத்தில் கால்சியம் படிந்தது. நலம் தரும் மருந்தே நஞ்சானது.

அக்காவின் கேள்விக்கு இங்கேதான் முழு விடை கிடைக்கிறது. சாப்பாட்டில் கால்சியம் குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோன் ஏறும். அதனால் வைட்டமின் டி ஹார்மோன் ஏறும். அது வைட்டமின் டி இருப்பை வேகமாகக் கரைக்கும். எலிகளில் இதை 1987இலேயே காட்டிவிட்டார்கள். திருப்பதி ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட கட்டுரை, தென்னிந்தியர் உணவில் கால்சியம் குறைவு, அதை உறிஞ்சவிடாத ஃபைடேட் அதிகம் என்றது. 1998இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் தென்பகுதியில் வாழும் இந்தியர் சிலரின் தோல் செல்களைச் சோதித்தபோது, கரைக்கும் நொதி வெள்ளையரைவிடக் கூடுதலாக வேலை செய்வது தெரிந்தது. வெயில் தருவதைத் தட்டு கரைத்துக்கொண்டிருக்கலாம்.

அதனால் அக்காவிடம் இரண்டு சொன்னேன். முதலாவது, மதியத்தில் கொஞ்ச நேரம் கைகளை மூடாமல் வெயில் படவிடுங்கள். தட்டில் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் பாலும் தயிரும் தவறாமல் இருக்கட்டும். இரண்டாவது, பொட்டலத்தை மருத்துவர் சொன்ன வாரங்களோடு நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் பாருங்கள். கடையில் கேட்டு வாங்கி வருடக்கணக்கில் குடிக்காதீர்கள். எவ்வளவு ஆக்க வேண்டும், எவ்வளவு கரைக்க வேண்டும் என்று உடம்புக்குத் தெரியும். அதற்கு வேண்டியதைத் தந்துவிட்டு, அதன் கணக்கைக் குலைக்காமல் இருப்பதே நம் வேலை.