‘ஏன் எதிர்க்கவில்லை?’ என்று கேட்பதற்கு முன்

“பத்து வருஷம் எப்படிக்கா சும்மா இருந்தாங்க? அடிமைப் புத்திதானே?”

உள்ளாட்சித் தேர்தல் குறித்த பயிற்சி வகுப்பு ஒன்றில் ஒரு கல்லூரி மாணவர் என்னிடம் கேட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மூன்றும் மதுரை மாவட்டத்து ஊராட்சிகள். 1996இல் இவற்றின் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. ஆனால் 2006 வரை அந்த நாற்காலியில் ஒரு தலித் நிலைத்து உட்கார முடியவில்லை. பல முறை வேட்புமனுவே வரவில்லை. சில முறை ஆதிக்க சாதியினரே ஒருவரை நிறுத்தி, ஜெயிக்க வைத்து, உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். காகிதத்தில் பார்த்தால் யாரும் யாரையும் தடுக்கவில்லை. மனு கொடுக்க ஆள் வரவில்லை, ஜெயித்தவர் தானாக விலகினார், அவ்வளவுதான்.

அந்த மாணவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதே கேள்வியை நான் என் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் மேலூர் பக்கம். அப்பா விவசாயக் கூலி. ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் பறையடிக்கப் போவார். நான் எம்.ஏ. சமூகவியல் முதல் வருஷம் படித்தபோது லீவுக்கு வந்திருந்தேன். அப்பா பறையைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

“இன்னும் எதுக்குப்பா போற? வெக்கமா இல்லையா?”

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. “நாளைக்கு ஒங்க அம்மா யாரு வயலுக்குக் களையெடுக்கப் போவா? ஆட்ட எந்த வரப்புல மேய்க்கிறது? நான் ஒருத்தன் மாட்டேன்னு சொல்லி, பக்கத்து வீட்டுக்காரன் போயிட்டான்னா, நான் எங்கத்தா போறது?”

சாக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். படித்த திமிர்.

அடுத்த மாதமே சமூக உளவியல் தாளில் சாலமன் ஆஷ் பற்றிப் படித்தேன். 1951இல் அமெரிக்காவில் அவர் ஒரு சோதனை செய்தார். அட்டையில் சில கோடுகள். எது எதற்குச் சம நீளம் என்று சொல்ல வேண்டும். குழந்தைகூடச் சரியாகச் சொல்லும். ஆனால் அறையில் இருந்த மற்றவர்கள் எல்லாரும் ஏற்கெனவே பேசி வைத்துக்கொண்டு தவறான பதிலைச் சொன்னார்கள். சோதனைக்கு வந்தவர்களில் சுமார் நான்கில் மூன்று பேர் ஒரு முறையாவது அந்தத் தவறான பதிலையே சொன்னார்கள். அவர்களின் கண்ணில் கோளாறு இல்லை. பலருக்கு விடை தெரிந்தே இருந்தது. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னபோது இந்தப் பணிவு வெகுவாகக் குறைந்துவிட்டது.

அப்பா சொன்னதில் பாதி இதுதான். பக்கத்து வீட்டுக்காரரும் மாட்டேன் என்று சொல்ல வேண்டும்.

மீதிப் பாதி ஆஷின் அறையில் இல்லை. அங்கே தனியாக நின்றவருக்குக் கிடைக்கக்கூடியது கொஞ்சம் கூச்சம். இங்கே கிடைப்பது ஊர்க் கட்டுப்பாடு. கடையில் சாமான் தரமாட்டார்கள், வயலில் வேலை தரமாட்டார்கள், பாதையை அடைப்பார்கள். அதற்கும் மேலே ஒன்று உண்டு. 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் இருந்த ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஒதுக்கீட்டுப் பதவிக்கு நின்று ஜெயித்ததுதான் குற்றம். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. எங்கள் தெருவில் அன்று யாரும் விளக்குப் போடவில்லை. அதைப் பார்த்தபிறகு மனு கொடுக்கத் தயங்கியவரை அடிமை என்பதா, கணக்குத் தெரிந்தவர் என்பதா?

ஊர்த்தெருவுக்குள்ளும் இதே பணிவு உண்டு. ஒரு முறை எங்கள் தெருவுக்குக் கட்டுப்பாடு போட்டபோது, அம்மா வழக்கமாக வேலைக்குப் போகும் வயல்காரர் இருட்டிய பிறகு வந்து சொன்னார்: “எனக்கு ஒண்ணும் இல்ல. ஊரு சொல்லுது.” எங்களை வேலைக்குக் கூப்பிட்டால் அவருக்கும் அபராதம். ‘ஊரோடு ஒத்து ஓடு’ என்று பழமொழி சொல்கிறார்கள். அவருக்காவது அது அவருடைய ஊர். நம்மை வெளியே குடிவைத்த ஊரோடு நாம் ஏன் ஒத்து ஓட வேண்டும்?

இந்த ஆயுதத்தின் பலத்தை நம் தலைவர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். 1930இல் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் சேர்ந்து கொடுத்த கோரிக்கைகளில் சமூகப் புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்பதும் ஒன்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றம் என்கிறது. வேட்புமனு கொடுக்கவிடாமல் தடுப்பதும், மிரட்டி வாபஸ் வாங்க வைப்பதும் குற்றம் என்கிறது. இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

அப்பா பறையை நிறுத்திய கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருப் பையன்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போக ஆரம்பித்தார்கள். அம்மாவுக்கு நூறு நாள் வேலை கிடைத்தது. ஊர்க்காரர் கையை எதிர்பார்க்காத காசு வீட்டுக்குள் வந்தது. பிறகு ஒரு ராத்திரி ஐந்து வீட்டு ஆண்கள் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, இனி யாரும் போவதில்லை என்று முடிவெடுத்தார்கள். அப்பாவின் மனம் அன்று மாறவில்லை. அது என்றைக்கோ மாறியிருந்தது. அன்று ஐந்து பேர் சேர்ந்தார்கள்.

பாப்பாபட்டியிலும் அதுவேதான். மனு கொடுக்கத் துணிந்தவர்கள் அந்தப் பத்து ஆண்டுகளிலும் இருந்தார்கள். தலித் இயக்கங்களும் இடதுசாரிகளும் விடாமல் குரல் கொடுத்தார்கள். ஆட்சியர் உதயச்சந்திரன் காலத்தில் மாவட்ட நிர்வாகம் இறங்கிப் பேசியது. 2006 அக்டோபரில் தேர்தல் நடந்தது, தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். அதே மக்கள், அதே தெரு. அடிமைப் புத்தி ரத்தத்தில் இருந்திருந்தால் ஒரே அக்டோபரில் எங்கே போயிற்று?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேலை கிடைத்து மதுரையில் வாடகைக்கு வீடு தேடினேன். வீட்டுக்காரம்மா, “நீங்க என்ன ஆளுக?” என்றார். “மேலூர் பக்கம்” என்று சொல்லிச் சிரித்தேன். எட்டு மாதம் அந்த வீட்டில் அம்பேத்கர் படத்தைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தேன். எனக்குச் சம்பளம் இருந்தது, பட்டம் இருந்தது, போக வேறு வீடும் இருந்தது. அப்பாவிடம் இது எதுவும் இல்லை. வெட்கப்பட வேண்டியது யார்?

அதனால் அந்த மாணவரிடம் இப்படிச் சொன்னேன்: “ஒரு ஊருக்குப் போனா ‘ஏன் எதிர்க்கல?’ன்னு கேக்காதப்பா. இவங்களுக்குக் கூலி யாரு கையில இருக்குன்னு கேளு. மொதல் ஆள் எந்திரிச்சா பக்கத்துல யாரு நிப்பான்னு கேளு. அப்படி யாரும் இல்லைன்னா, நீ போய் நில்லு.”

ஜெய்பீம்.