ஹவுண்ட்



போன ஞாயிறு பேத்தி போனில் கேட்டாள். “தாத்தா, ஹவுண்ட்னா வேட்டை நாய்தானே? கடன் கொடுத்தவங்க ஒருத்தரை ‘ஹவுண்ட்’ பண்ணாங்கன்னு பேப்பர்ல போட்டிருக்கே?”

வாத்தியாரிடம் கேட்டால் சும்மா விடுவேனா! பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் எல்லா நாய்க்கும் பொது. ஜெர்மன் மொழியில் ‘ஹுண்ட்’ இன்றும் அப்படித்தான். ‘டாக்’ என்ற சொல் வந்து மற்ற நாய்களை எடுத்துக்கொள்ள, ஹவுண்ட் வேட்டை நாயோடு நின்றுவிட்டது. கிரேஹவுண்ட் கண்ணால் பார்த்துத் துரத்தும், பிளட்ஹவுண்ட் மோப்பம் பிடித்துத் துரத்தும். நம்ம சிப்பிப்பாறை முதல் வகை. நாயின் வேலையே பிறகு வினைச்சொல் ஆயிற்று: விடாமல் துரத்தித் தொல்லை கொடுப்பது.

1902-இல் நூலாக வந்த ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், ஹவுண்டுக்குப் பயந்து ஓடியே ஒருவர் உயிரை விடுகிறார். ஆனால் பிரான்சிஸ் தாம்சன் என்ற கவிஞர், 1893-இல் வந்த தொகுப்பில் கடவுளையே ஹவுண்ட் என்கிறார். மனிதன் ஓடுகிறான், கடவுள் அவசரப்படாமல் பின்னாலேயே வருகிறார், அன்பினால். முதலில் படித்தபோது எனக்கு இது தெய்வக் குற்றமாகப் பட்டது.

பேத்தியிடம் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். 1994-இல் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் கட்டுரை நோட்டு வைக்கவே இல்லை. தினமும் எழுப்பி நிறுத்தினேன், வராந்தாவில் கண்டாலும் கேட்டேன். ஒரு திங்கட்கிழமை முதல் அவன் வரவில்லை. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறான் என்றார்கள். வீட்டு வாசலில் கடன் கொடுத்தவர்கள், பள்ளிக்கூடத்தில் நான். நோட்டு வாங்கக் காசில்லை என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

புது நோட்டு வாங்கிக்கொண்டு நாலு ஞாயிறு அவன் வீட்டுக்குப் போனேன். என் சைக்கிளைக் கண்டதும் பின்கதவு வழியாக ஓடிவிடுவான். பழைய நோட்டைக் கேட்கத்தான் வருகிறேன் என்று நினைத்திருப்பான். ஐந்தாவது ஞாயிறு நான் போகவில்லை. அவன் திரும்பப் பள்ளிக்கு வரவே இல்லை.

உங்களில் ஒருவர் போன வாரம் அவனுடைய நம்பரை அனுப்பினீர்கள். இரண்டு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மூன்றாவது தடவை கூப்பிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.