பீப் சொன்ன பொய்

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போன மறுநாளே அப்பா கூப்பிட்டார். "டேய், மோட்டார் உறுமுது, ஓட மாட்டேங்குது. என்னன்னு பாரு." வீட்டுக்குப் பின்னால் கிணறு, 1 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார், அதை நம்பி நாலு பாத்தி கீரை. நான் இரண்டாம் வருடம் ட்ரிபிள் ஈ. பையில் புது மல்டிமீட்டர் வேறு. விடுவேனா?

சுவிட்ச் போர்டிலிருந்து கிணறு வரை 30 மீட்டர் கேபிள். மீட்டர் வயரோ ஒரு மீட்டர்கூட இல்லை. லேபில் சொல்லிக்கொடுத்த வழி ஞாபகம் வந்தது. மெயினை ஆஃப் பண்ணி இரண்டு முனையையும் கழற்றினேன். கிணற்றுப் பக்கம் சிவப்பையும் கருப்பையும் சேர்த்து முறுக்கிவிட்டு, வீட்டுப் பக்கம் கன்டினியூட்டி வைத்தேன். பீப்! முறுக்கைப் பிரித்தேன், சத்தம் இல்லை. அதாவது வயர் அறுந்தும் போகவில்லை, ஷார்ட்டும் இல்லை. "கேபிள் நல்லா இருக்குப்பா, மோட்டார்லதான் காயில் போயிருக்கும்"னு தீர்ப்பு சொல்லிட்டேன்.

அப்பா மறுபேச்சு பேசவில்லை. மோட்டாரைக் கழற்றி, வண்டியில் கட்டி, டவுனுக்குக் கொண்டுபோனார். காயில் கட்டுற கடைக்காரர் அங்கேயே ஓட்டிக் காட்டி, "இதுக்கு ஒண்ணும் இல்லைங்க"ன்னு திருப்பி அனுப்பிவிட்டார். கொண்டுவந்து மாட்டினால் மறுபடியும் அதே உறுமல். இதற்குள் இரண்டு நாள் போயிருந்தது. கீரை தலை சாய்ந்துவிட்டது.

கடைசியில் வயரிங் வேலை செய்யும் பக்கத்து வீட்டு அண்ணன் வந்தார். மோட்டார் டெர்மினலில் மீட்டரை வைத்தார். மோட்டாரின் சுவிட்ச் போடும் முன் 226 வோல்ட். போட்டதும் 150-ஐ ஒட்டி விழுந்தது. உடனே ஆஃப் பண்ணச் சொல்லிவிட்டு, கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போனார். வாய்க்கால் ஓரம் ஒரு இடத்தில் நின்றார். எப்போதோ போட்ட ஜாயின்ட், மேலே சுற்றின டேப் உருகி, தொட்டால் சுட்டது. பிரித்துப் பார்த்தால் காப்பர் முழுக்கப் பச்சைக் களிம்பு.

"சும்மா இருக்கும்போது எல்லா வயரும் நல்ல வயர்தான் தம்பி. சுமை ஏத்தினாதான் தெரியும்"னு சிரித்தார்.

அந்த ஜாயின்டை வெட்டி எறிவதற்கு முன் மறுபடி டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன். இந்த முறை ஓம் ரேஞ்சில். 6.1 காட்டியது. இரண்டு புரோபையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.3. 1.5 ஸ்கொயர் எம்.எம். காப்பர், 30 மீட்டர் போய்த் திரும்ப சுமார் 0.8 ஓம்தான் வரணும். மிச்சம் 5 ஓம் அந்த ஜாயின்டில் உட்கார்ந்திருக்கிறது. மோட்டார் கிளம்ப முடியாமல் 15 ஆம்பியர் இழுத்தால், 75 வோல்ட் அங்கேயே போய்விடும். வெப்பம்? 15 × 15 × 5 = 1125 வாட். ஒரு அயர்ன் பாக்ஸை ஈர வாய்க்கால் ஓரத்தில் டேப் சுற்றி வைத்த மாதிரி. அம்மா தினமும் வெறுங்காலோடு நடக்கிற இடம் அது.

மீட்டர் பொய் சொல்லவில்லை. பல மீட்டர்கள் 30, 50 ஓமுக்குக் கீழே எது இருந்தாலும் பீப் அடிக்கும். அனுப்பும் கரன்ட்டோ ஒரு மில்லி ஆம்பியர் அளவுதான். எனக்கு 5 ஓம் பெரிய விஷயம், அதுக்கு இல்லை. டிஸ்ப்ளேயில் நம்பர் வந்திருக்கும், நான் காதை மட்டும் நம்பிவிட்டேன்.

இன்னொன்று, பச்சை வயரை நான் டெஸ்ட் பண்ணவே இல்லை. எர்த் இல்லாமலும் மோட்டார் ஓடும் என்கிற அலட்சியம்தான். எர்த் அறுந்தது, யாராவது ஷாக் வாங்கும் வரை வெளியே தெரியாது. இன்சுலேஷன் லீக்கும் அப்படித்தான். சில வோல்ட் மட்டும் கொடுக்கும் மல்டிமீட்டருக்குப் பெரும்பாலும் அது பிடிபடாது, 500 வோல்ட் மெகர் வேணும்.

இப்போது கேபிள் டெஸ்ட் என்றால் என் வரிசை இதுதான்: மூன்று வயரும் ஓம் ரேஞ்சில், நம்பர் பார்த்து, கேபிளை அங்கங்கே ஆட்டிக்கொண்டே. பிறகு லோடு போட்டு வோல்டேஜ்.

அப்பா அன்றைக்கு என்னைத் திட்டவில்லை. அடுத்த லீவில் மிக்ஸி வயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பீப் கேட்டதும் நிமிர்ந்து பார்த்து, "சத்தம் கிடக்கட்டும், எவ்வளவு காட்டுது?" என்றார்.