விழுந்த இடம்

2022ஆம் ஆண்டின் மார்ச் மாதத்திலே கொழும்பு மக்கள் தம் நாளினைப் பகுத்துக்கொண்டது கடிகாரத்தைக் கொண்டன்று. மின்வெட்டு அட்டவணையைக் கொண்டே. நகரம் ஆங்கில எழுத்துக்களாற் பெயரிடப்பட்ட வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. எந்த எழுத்துக்கு எத்தனை மணிக்கு இருள் என்பதைச் சிறுவரும் மனனஞ் செய்திருந்தனர். மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீண்டது. அந்நாட்களில் ஒரு மாலை, வெள்ளவத்தையிலே காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில், தொடர்மாடி வீடொன்றின் மூன்றாந் தளத்தில், பல்கலைக்கழக மாணவன் ஒருவன் இராட்சதர்களின் கல்லறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தான். இருள் வந்து கவிந்தது. தொலைக்காட்சித் திரை அணைந்தது, மின்விசிறி நின்றது, அதுவரை கேளாதிருந்த கடலின் இரைச்சல் கேட்கத் தொடங்கிற்று.

“என்னடா ராசா, இந்த முறையும் செத்துப்போனியோ?” என்றார், சாய்மனைக் கதிரையில் இருந்த அம்மம்மா.

“இல்லை அம்மம்மா, கரண்ட் போட்டுது.”

அவன் இறங்கிக்கொண்டிருந்த கல்லறை ‘டார்க் சோல்ஸ்’ என்னும் நிகழ்பட விளையாட்டில் உள்ளது. தோக்கியோவின் ஃப்ரம்சொஃப்ட்வெயார் நிறுவனம் ஹிடெட்டாகா மியாசாகியின் நெறியாள்கையில் 2011ஆம் ஆண்டு அதனை வெளியிட்டது. நிலவறைக்குள் இறங்கிப் பேய்களோடும் பூதங்களோடும் பொருதும் விளையாட்டுக்களின் மரபு அதற்கும் மிக முந்தியது. 1980இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மாணவர் உருவாக்கிய ‘ரோக்’ என்னும் விளையாட்டில் படங்களே இல்லை. அரக்கர்களை ஆங்கில எழுத்துக்களே குறித்தன. ஆயினும் அதிற் செத்தவன் செத்தவனே. மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதன்றி வேறு வழியில்லை. எழுத்துக்களைக் கண்டு அஞ்சிய அக்காலத்து மாணவரை எண்ணி நகைக்கத் தோன்றலாம். எழுத்தைக் கண்டு அஞ்சுவது தமிழ் மாணவர்க்குப் புதிதன்று என்பதையும் உடன் நினைத்தல் நன்று.

அவனிடமிருந்த விளையாட்டுப் பெட்டி பழைய பிளேஸ்டேசன் 3. அதுவும் அவனுக்கு உரியதன்று. கொட்டாஞ்சேனையிற் புனித லூசியாள் தேவாலயத்துக்கு அண்மையில் வாழ்ந்த நண்பனுடையது. வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் மின்வெட்டு நேரம் வேறுவேறாக அமைந்த நாட்களிலே, பெட்டியைப் பாடசாலைப் பைக்குள் வைத்துத் துவாயாற் சுற்றி, பஸ்ஸில் ஏறி, இருவரும் வெளிச்சம் உள்ள வீட்டைத் தேடிச் சென்றனர். எரிபொருளுக்காக வாகனங்கள் மைல்கணக்கில் வரிசையில் நின்ற அக்காலத்தில் இது சிறிய காரியமன்று. படிப்புக்கு இவ்வளவு பாடுபட்டிருந்தால் என்று இரு வீட்டாரும் கூறிக்கொண்டனர். அக்கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் பல்கலைக்கழக வகுப்புகள் பெருந்தொற்றாலும் பின்னர் நெருக்கடியாலும் சிதறிக் கிடந்த ஆண்டுகளில் அவ்விளைஞர் வேறு எதனை முடித்துக் காட்டியிருக்க முடியும் என்ற கேள்விக்கு எவரும் விடை பகரவில்லை.

இவ்விளையாட்டின் கடுமை உலகறிந்தது. வீரன் பகைவரை வீழ்த்துந்தோறும் அவர்தம் உயிர்கள் அவன் கணக்கிற் சேர்கின்றன. அவையே அவன் செல்வம். அவற்றைக் கொண்டே ஆயுதம் வாங்குவான், வலிமை பெறுவான். ஆங்காங்கே எரியும் தீமூட்டங்களில் அமர்ந்து இளைப்பாறலாம். ஆனால் அவன் இளைப்பாறினால் வீழ்ந்த பகைவருட் பெரும்பாலோர் மீண்டும் எழுந்துவிடுவர். இடைநிறுத்தும் பொத்தான் கிடையாது. சோறு ஆறுகிறது என்று தாய் அழைத்தாலும், பட்டியலைத் திறந்து வைத்தாலும், பகைவன் வந்துகொண்டேயிருப்பான். விளையாட்டை விட்டு முற்றாக வெளியேறலாம். நடுவில் நிறுத்தி வைக்க இயலாது. கொழும்பில் அதனை நிறுத்தி வைக்கவல்லதாய் இருந்தது மின்சார சபையின் அட்டவணை ஒன்றே.

இராட்சதர்களின் கல்லறை அவ்விளையாட்டிலும் இருள் மிக்க பகுதி. முன்னே கிடப்பது பாதையா பாதாளமா என்பது கண்ணுக்குத் தெரியாது. அங்கே மண்டையோட்டு விளக்கு ஒன்று கிடைக்கிறது. அதனை ஏந்த ஒரு கை வேண்டும். கேடயம் தாங்கும் கையில் விளக்கை ஏந்தினால் வழி தெரியும், உடலுக்குக் காப்பில்லை. கேடயத்தை ஏந்தினால் காப்பு உண்டு, எதிரே நிற்பது இன்னதெனத் தெரியாது. இவ்வமைப்பிலே கவிஞன் ஒருவனின் மனம் தொழிற்பட்டுள்ளது எனக் கூறின் மிகையாகாது. நம் இலக்கியத்தில் இருட்குகைக்குள் இறங்குதல் புதிதன்று. கம்பராமாயணத்துக் கிட்கிந்தா காண்டத்தில் ‘பிலம் புக்கு நீங்கு படலம்’ என ஒன்று உண்டு. சீதையைத் தேடிச் சென்ற வானரர் கண் தெரியாத பிலத்துட் புகுந்து தவித்தபோது அனுமன் வாலைப் பற்றிக்கொண்டு நடந்தனர். டார்க் சோல்ஸ் வீரனுக்குப் பற்றிக்கொள்ள வால் இல்லை. முன்னர்ச் சென்ற பிற ஆட்டக்காரர் இணையத்தின் வழியே தரையில் எழுதிவைத்த சிறு குறிப்புகள் மட்டும் உண்டு. ‘முன்னே பள்ளம்’ என்பதும், பள்ளமேயில்லாத இடத்தில் ‘குதித்துப் பார்’ என்பதும் அவற்றுள் அடங்கும். பனி மூடிய மேட்டிலே ஊர்திகள் ஏறமாட்டாது நின்றபோது, பின்னால் நின்ற ஊர்தி முன்னதைத் தள்ளிவிட, முகமறியாதோர் ஒருவர்க்கொருவர் உதவி மேடேறிய நிகழ்ச்சியொன்றே, ஆட்டக்காரர் ஒருவர்க்கொருவர் உதவும் இம்முறைமைக்கு வித்தாயிற்று என மியாசாகி கூறியுள்ளார். அம்மாணவனுக்கு வாலாக அமைந்தவன் கொட்டாஞ்சேனை நண்பனே. விளையாட்டை முன்னரே முடித்திருந்த அவன், தொலைபேசியில், “இடப்பக்கம் பார்த்துப் போ மச்சான்” என்பதற்கு மேல் ஒரு சொல்லும் கூறமாட்டான்.

இவை யாவற்றிலும் அம்மம்மாவின் கருத்தைக் கவர்ந்தது வேறொன்று. பேரன் செத்துச் செத்து எழுவதை அவர் பல மாலைகள் பார்த்திருந்தார். எழுந்தவன் ஒவ்வொரு முறையும் செத்த இடத்துக்கே விரைந்து ஓடுவதை அவராற் புரிந்துகொள்ள இயலவில்லை. அன்று மெழுகுதிரி வெளிச்சத்தில் அதனைக் கேட்டார். பேரன் விளக்கினான்: வீரன் இறந்தால் சேர்த்த உயிர்கள் யாவும் விழுந்த இடத்திலே கிடக்கும். திரும்பிப் போய் அவ்விடத்தைத் தொட்டால் அத்தனையும் மீளக் கிடைக்கும். போகும் வழியில் மறுபடி இறந்தால் இரண்டாம் முறை விழுந்த இடத்திற் கிடப்பது மட்டுமே மிஞ்சும்.

“அப்ப முதல் விழுந்த இடத்திலை கிடந்தது?”

“அது அழிஞ்சிடும் அம்மம்மா.”

“ஆர் அழிக்கிறது?”

பேரனுக்கு விடை தெரியவில்லை. விளையாட்டின் விதி அது என்றான்.

அம்மம்மா மயிலிட்டியிற் பிறந்தவர். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது ஊர் முழுவதும் பெயர்ந்தது. சில நாட்களில் திரும்பலாம் என எண்ணிக் கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பிற் செருகிக்கொண்டு கொக்குவிலில் உறவினர் வீட்டுக்குச் சென்றார். அங்கே ஐந்தாண்டுகள். மயிலிட்டி வீட்டில் விட்டுவந்தவற்றை அவர் நாளும் எண்ணிக்கொண்டிருந்தார்: தேக்கு அலுமாரி, தையல் இயந்திரம், கணவரின் வலைகள், பின்வளவில் புதைத்து வைத்த பித்தளைக் குடம். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமமே ஒரே இரவில் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. மழையில், நாவற்குழிப் பாலத்தருகே, ஓரடி எடுத்துவைக்க ஒரு நாழிகை ஆன அந்நடையிலே, கொக்குவிலிற் சேர்த்தவையும் போயின. பின்னர் வவுனியா ஊடாகக் கொழும்பு வந்து மகளோடு வெள்ளவத்தையில் ஒதுங்கினார்.

அதன்பின் வந்தவர் எல்லாரும் 1995ஐப் பற்றியே கேட்டனர். உறவினர் கேட்டனர்; விண்ணப்பப் படிவங்கள் கேட்டன. இழந்தவை யாவை என்ற வினாவுக்குக் கொக்குவிற் பொருட்களையே எழுதவேண்டியிருந்தது. மயிலிட்டி பழங்கதையாயிற்று. 2002இல் ஏ9 வீதி திறந்தபோது கொக்குவில் சென்று ஓர் அம்மியைக் கண்டு வந்தார். மயிலிட்டிக்கு அப்போதும் வழியில்லை. அது உயர்பாதுகாப்பு வலயத்தினுள் இருந்தது. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகமும் அதனை அண்டிய காணிகளின் ஒரு பகுதியும் விடுவிக்கப்பட்டன. 27 ஆண்டுகளின் பின் அவர் தம் வளவில் நின்றார். வீடு நின்ற இடத்தில் வீடில்லை. கிணற்றுக்கட்டு இருந்தது. அதிலிருந்து கிழக்கே பதினொரு கவடு எண்ணி நடந்து, இங்கேதான் குடம் என்று காலால் மண்ணைத் தட்டிக் காட்டினார். மகன் மண்வெட்டி கொண்டுவர ஓடினான். வேண்டாம், கிடக்கட்டும் என்று தடுத்துவிட்டார். ஏன் தடுத்தார் என்பதை அன்றும் கூறவில்லை. இம்மெழுகுதிரி இரவிலும் கூறவில்லை.

“அழியாது,” என்று மட்டும் சொன்னார். “உன்ரை கேம்காரனுக்குத் தெரியேல்லை. ரெண்டாந்தரம் விழுந்தா முதல் விழுந்தது அழியாது. தூரப் போகும், அவ்வளவுதான்.”

பேரன் மறுமொழி கூறவில்லை. அவன் 2001இல் கொழும்பிற் பிறந்தவன். மயிலிட்டியை அவன் பார்த்தது ஒரே ஒரு முறை, அந்தப் பயணத்தில். பதினாறு வயதில், வெயிலையும் வீட்டுக்குத் திரும்பும் நேரத்தையும் எண்ணிக்கொண்டு. பதினொரு கவடு என்பது அப்போது அவன் காதில் விழுந்திருந்தது. அது எதன் தூரம் என்பது இப்போதே விளங்கிற்று.

மின்சாரம் எட்டரை மணியளவில் வந்தது. பெட்டி தன் கோப்புக்களைச் சரிபார்க்கச் சிறிது நேரம் எடுத்துக்கொண்டது. பின்னர்த் திரையிலே வீரன், இருள் கவிந்தபோது நின்ற அதே பாறை விளிம்பில், இடக்கையில் மண்டையோட்டு விளக்குடன் நின்றான். முன் செத்த இடம் இன்னும் கீழே, வெளிச்சம் எட்டாத ஆழத்தில் இருந்தது. இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் அங்கே கிடந்தன. அவன் தயங்கினான். அம்மம்மா கதிரையைத் திரைக்கருகே இழுத்துப் போட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டார்.

“மெல்லமாப் போ,” என்றார். “வலப்பக்கம் ஏதோ அசையுது.”